பூட்டிய பெட்டி

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டைக் காலி பண்ணித் தரச் சொல்லி முன்பின் தெரியாத ஒருவர் கேட்கிறார். வாடகை கிடையாது. பூட்டிய பெட்டிகள் வரும், போகும். சாவி உங்களிடம் இருக்காது. வைத்தது யார், எடுத்துப்போனது யார் என்றும் சொல்ல மாட்டார்கள். பதிலுக்கு, உங்கள் பெட்டியையும் அடுத்தவர் அலமாரியில் இதேபோல வைத்துக்கொள்ளலாம். சரி என்பீர்களா?

'ஆளை விடுங்க சார்' என்பீர்கள். ஆனால், கம்ப்யூட்டரில் இதே ஏற்பாட்டுக்குச் சரி சொன்னவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஃப்ரீநெட். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த இயன் கிளார்க் 1999-ல் எழுதிக் கொடுத்த ப்ராஜெக்ட்டில் பிறந்தது. 2000-ல் மென்பொருளாக வெளிவந்தது. 2023-ல் 'ஹைஃபாநெட்' என்று பெயர் மாறிவிட்டது. (பழைய பெயரை கிளார்க்கின் வேறொரு திட்டம் எடுத்துக்கொண்டது. குழம்ப வேண்டாம்.)

ஆரம்பிப்பது சுலபம். இறக்கி, நிறுவி, ஹார்ட் டிஸ்க்கில் எத்தனை ஜி.பி. ஒதுக்குகிறீர்கள் என்று சொன்னால் போதும். உங்கள் மெஷின் அந்த வலையில் ஒரு கண்ணி ஆகிவிடும். யாரோ போடும் ஃபைல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் சங்கேதமாக்கப்பட்டு, பல வீடுகளுக்குப் பிரிந்து போகும். நடுவில் தலைமை அலுவலகம் என்று எதுவும் இல்லை. நாப்ஸ்டருக்கு மையக் கம்ப்யூட்டர் இருந்தது. 2001-ல் கோர்ட் உத்தரவோடு கதை முடிந்தது. இங்கே இழுத்துப் பூட்ட ஒரு கதவே கிடையாது. அடிக்கடி கேட்கப்படும் துண்டு தங்கும். யாரும் சீந்தாதது தானாக உதிர்ந்துவிடும். போட்டவரே நினைத்தாலும் அழிக்க முடியாது.

சரி, உங்கள் டிஸ்க்கில் உட்கார்ந்திருப்பது ஊழலை அம்பலப்படுத்தும் ஆவணமா, குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படமா? தெரியாது. உங்களுக்குத் தெரியக்கூடாது என்றே அதை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து கேட்டால், 'சத்தியமா தெரியாது சார்' என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது.

என்னை உறுத்துவது இந்தத் 'தெரியாது'தான்.

பி.காம். படித்தவர்களுக்கு 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஞாபகமிருக்கும். அதில் பெயில்மெண்ட் என்று ஓர் அத்தியாயம். அடுத்தவர் பொருளை வாங்கி வைத்திருப்பவன், அதைத் தன் பொருளைப்போல ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது மட்டுமல்ல... பொருளில் ஏதாவது வில்லங்கம் இருப்பது தெரிந்தால், கொடுப்பவன் அதைச் சொல்லியாக வேண்டும். பரீட்சைக்கு உருப்போட்டு மறந்த விஷயம். இப்போது யோசித்தால், ஃப்ரீநெட்டில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போயிருக்கிறது. கொடுப்பவனுக்கு முகமே இல்லையே, யார் சொல்வது?

பேங்க் லாக்கருக்குள் என்ன இருக்கிறதென்று மேனேஜருக்கும்தான் தெரியாது என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். ஆனால், உங்கள் பெயர், போட்டோ, கையெழுத்து எல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. சட்டவிரோதமாக எதையும் வைக்க மாட்டேன் என்று எழுதியும் கொடுத்திருக்கிறீர்கள்.

2003-ல் அமெரிக்காவில் எய்ம்ஸ்டர் என்ற பாட்டுப் பரிமாற்ற சேவை மீது வழக்கு நடந்தது. 'எல்லாம் சங்கேதத்தில் போகிறது, யார் எதைக் காப்பி எடுக்கிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பது அவர்கள் வாதம். மேல்முறையீட்டு நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் அசரவில்லை. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் தெரிந்திருப்பதற்குச் சமம்தான் என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

அப்படியானால் அலமாரி கொடுத்தவர்கள் எல்லாம் குற்றவாளிகளா? அவ்வளவு சீக்கிரம் கேஸை முடிக்க முடியாது. எய்ம்ஸ்டர் மாதச் சந்தா வாங்கியது. இங்கே யாருக்கும் நயா பைசா கிடையாது. தவிர, வாயைத் திறந்தால் ஜெயில் என்றிருக்கும் நாட்டில் ஒருவர் தன்னிடமுள்ள உண்மையை வெளியே அனுப்ப வேண்டும். அவருக்கென்று தனி வலை கட்டினால், அதில் சேர்ந்த அன்றைக்கே மாட்டிக்கொள்வார். ஒளிவதற்குக் கூட்டம் வேண்டும். மறைக்க ஒன்றுமே இல்லாத நீங்களும் நானும் சேர்ந்தால்தான் அவர் மறைய முடியும். கஷ்டம் என்னவென்றால், அதே கூட்டத்தில் பொறுக்கியும் வந்து ஒளிவான். அவரை மட்டும் மறைத்து இவனைக் காட்டிக்கொடுக்கும் பூட்டை இதுவரை யாரும் செய்யவில்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அலமாரி கொடுப்பது தப்பில்லை. கொடுத்துவிட்டு 'எனக்கென்ன தெரியும்' என்பதுதான் தப்பு. எந்தப் பெட்டி அழுகியது என்பது வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம். சில பெட்டிகள் அழுகியிருக்கும் என்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். 'தெரியும், ஆனாலும் அந்த இன்னொரு பெட்டிக்காகக் கொடுக்கிறேன், இதில் என் பங்கும் இருக்கிறது' என்று மனைவி முன்னால் சொல்ல முடிகிறதா? நிறுவுங்கள். நா எழவில்லையா, விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மறைவு என்றால் முழு மறைவு என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்க போலீஸ் தானும் ஒரு கண்ணியாக உள்ளே புகுந்துகொண்டு, பக்கத்துக் கண்ணியிலிருந்து ஒரு ஃபைலுக்கு எத்தனை துண்டுகள் கேட்கிறார்கள் என்று எண்ணியது. இவர் சும்மா கைமாற்றி விடுபவரா, தனக்கே கேட்பவரா என்று கணக்குப் போட்டுப் பார்த்தே பலரைப் பிடித்திருக்கிறது.

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நிறுவும்போதே மென்பொருள் கேட்கிறது: அந்நியர்களோடு இணையட்டுமா, நண்பர்களோடு மட்டும் போதுமா? இரண்டாவதுதான் பத்திரம் என்றும் சொல்கிறது. முகம் தெரியாமல் இருக்கக் கட்டிய வலையில், கடைசியில் முகம் தெரிந்தவர்தான் பாதுகாப்பு! அந்த நண்பர்களை மென்பொருள் தேடித் தராது. நம்பகமான ஆட்களை நீங்களேதான் பிடித்து, விவரங்களைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்றால் உங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள்? மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். இதில் அவர்களும் ஏற்கெனவே அலமாரியைக் காலி பண்ணி வைத்திருக்க வேண்டும் என்று வேறு ஒரு நிபந்தனை.