கலைக்காக ஊர் துறத்தல் அறமா?

பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டுப் போகிறவனை உலகம் பழிப்பதில்லை. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்னும் பழமொழி அவனுக்குத் துணை நிற்கிறது. ஆனால், இசையைத் தேடி ஒருவன் புறப்பட்டால் மட்டும் நாம் முகம் சுளிக்கிறோம். பெற்றோரை யார் காப்பது, கற்பித்த ஆசிரியருக்கு என்ன கைம்மாறு, பாட்டு சோறு போடுமா என்றெல்லாம் வினாக்களை அடுக்குகிறோம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் இல்லங்களில் இவ்வினா இன்று அடிக்கடி எழுகிறது. அரசுக் குடியிருப்பில், மாடி வீட்டு மாமியிடம் சரளி வரிசை தொடங்கிய பிள்ளை வளர்ந்து பட்டமும் பெற்றபின், “சென்னைக்குப் போய்ப் பெரிய வித்துவான் ஒருவரிடம் சேர்ந்து பாடகனாகப் போகிறேன்” என்கிறான். அப்பன் திகைக்கிறான், அன்னை கண் கலங்குகிறாள். இது வரவு செலவுக் கணக்கு மட்டும் அன்று. கலைக்காக ஊரையும் உறவையும் விட்டுச் செல்வது அறமா, அன்றா என்பதே இதன் உள்ளிருக்கும் வினா. அதனை நாம் சற்று நின்று ஆராய்வது நன்று.

பாணர் காட்டிய நெறி

தமிழ் மரபில் இசைவாணன் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவன் அல்லன். யாழைத் தோளில் சுமந்து, சுற்றம் பின்தொடர, சுரமும் காடும் கடந்து வள்ளலை நாடிச் சென்றவர்களே சங்ககாலப் பாணர்கள். அவர்கள் ஊர் ஊராகத் திரிந்ததைச் சான்றோர் எவரும் குற்றமாகக் கூறவில்லை. பாடுவோன் கேட்போனை நாடிச் செல்வது இயல்பு எனக் கொண்டனர்.

ஆனால், அதே சான்றோர் பாணனின் பயணத்துக்கு ஓர் இலக்கணமும் வகுத்தனர் என்பது கருதத்தக்கது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாகப் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய நான்கும் கலைஞனைக் கலைஞன் வழிப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பசியோடு எதிர்வரும் மற்றொருவனைக் காண்கிறான். தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வழி சொல்கிறான். எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், அந்நிலத்து மக்கள் என்ன உணவு தருவர், வள்ளலை எவ்வாறு காண வேண்டும் என்பனவற்றை எல்லாம் விரித்துரைக்கிறான்.

எதிர்வருபவன் நாளைக்குத் தனக்குப் போட்டியாளன் ஆகக்கூடும் என்று அவன் எண்ணவில்லை. பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதல் கடமை எனக் கொண்ட சமுதாயமே அதனை ஓர் இலக்கியத் துறையாகவும் போற்றியது. ஆகவே, புறப்படுவது பிழையா என்னும் வினாவுக்கு நம் முன்னோர் அன்றே விடை கூறிவிட்டனர். புறப்பட்டுச் சென்று பெற்றபின் ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவர்கள் அறத்தைக் கண்டனர்.

ஓர் ஊர், மூன்று வழிகள்

கருநாடக இசையின் மும்மூர்த்திகள் வாழ்வும் நமக்கு ஒரு பாடம். சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். மூவருள் ஒருவரேனும் திருவாரூரில் மறையவில்லை. தியாகராசர் திருவையாற்றில் வேரூன்றி, 1847இல் அங்கேயே அடங்கினார். தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்து, குருவுடன் காசிக்குச் சென்று, பின் பல தலங்களையும் பாடி, 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். சியாமா சாஸ்திரிகளின் குடும்பமோ பங்காரு காமாட்சியின் திருவுருவைக் காக்கும் பொருட்டுக் காஞ்சியை விட்டுப் புறப்பட்ட மரபினது. அவர் வாழ்வு தஞ்சையில் நிறைந்தது.

ஒருவர் ஒரே ஊரில் நிலைத்தார். ஒருவர் நாடெங்கும் சென்றார். மற்றவருக்குக் குலக்கடமையே ஊரை அமைத்துத் தந்தது. மூவர் இசையில் எது உயர்ந்தது என்று துலாக்கோல் பிடிப்பார் யார்? நிலைத்தலாலோ பெயர்தலாலோ மட்டும் கலை உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

காவிரியிலிருந்து கடற்கரைக்கு

எனினும், பின்னாளில் நிகழ்ந்த பெயர்ச்சி வேறு வகையானது. 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்குள் மறைந்தது. அரண்மனையை நம்பியிருந்த கலைஞர்களுக்கு நிழல் தந்த பெருமரம் சாய்ந்தது. சமஸ்தானங்களும் மிராசுதாரர்களும் மடங்களும் சில காலம் தாங்கினர். ஆனால், வணிகமும் நீதிமன்றமும் கல்லூரியும் சென்னையில் பெருகப் பெருக, இசையைக் காசு கொடுத்துக் கேட்கும் கூட்டமும் அங்கேயே பெருகிற்று. சபைகள் தோன்றின. 1927ஆம் ஆண்டு திசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி இசை மாநாடும் நடைபெற்றது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி உருவாயிற்று. 1938இல் வானொலி நிலையமும் வந்தது. காவிரிக் கரையின் இசை கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது.

இதனைக் கலைஞரின் பேராசை என்பார் வரலாறு அறியாதார். கலைஞன் ஊரைக் கைவிடுவதற்கு முன்பே ஊர் அவனைக் காக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பதே உண்மை. கேட்பாரற்ற இடத்தில் கிடந்து கலையைப் பட்டினிக்கு ஒப்புக்கொடுப்பதை எந்த அறநூலும் கடமையாக விதிக்கவில்லை.

பட்டணம் செய்த நன்மையையும் மறைத்தலாகாது. அரண்மனையில் இடம்பெறாத எளியவனும் சீட்டு வாங்கிக் கொண்டு சபையில் அமரலாம் என்னும் நிலையை அது தந்தது. ஆயினும், அதன் வாயில் எல்லோர்க்கும் ஒரே அகலத்தில் திறந்துவிடவில்லை. விடியற்காலையில் திருக்கோயிலில் பூபாளம் வாசித்த நாகசுரக் கலைஞருள் சபை மேடை கண்டோர் சிலரே. விடிய விடிய வீதியுலாவில் பெருகிய இராக ஆலாபனைக்குக் கடிகாரம் பார்க்கும் அரங்கில் இடம் குறைவு. சென்றவர்களின் புகழைப் பாடும்போது, சென்றிருக்க இயலாதவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

மாற்றல் ஆணையும் மனத்தின் ஆணையும்

இனி நம்மையே ஒப்பிட்டுப் பார்ப்போம். மத்திய அரசுப் பணியிலுள்ள நாம் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தாம். மாற்றல் ஆணை வருகிறது, மூட்டை கட்டுகிறோம். நமக்குப் பயணப்படி உண்டு. புதிய இடத்தில் சேர அவகாசம் உண்டு. சில வேளைகளில், அலுவலக மொழியில் ‘லீன்’ எனப்படும், பழைய பதவிக்குத் திரும்பும் உரிமையும் உண்டு. இசைக்காகப் புறப்படுகிறவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்கு ஆணையிட்டது அவன் மனம். அதனிடம் பயணப்படி கேட்க முடியாது.

நாமும் பெற்றோரைத் தொலைவில் விட்டுத்தான் வந்தோம். நம்மை எவரும் நன்றி கொன்றவர் என்று கூறவில்லை. ஏன்? ஒரு காலத்தில் மாதம் பிறந்ததும் நம்மிடமிருந்து மணியார்டர் சென்றது. இன்று வங்கிக் கணக்கில் பணம் சேர்கிறது. அப்படியானால், இசைவாணனை நாம் பழிப்பது அவன் ஊரை விட்டதற்காக அன்று. சம்பளம் இல்லாமல் விட்டதற்காகத்தான். வருமானத்தை அளந்துவிட்டு அதற்கு அறம் என்று பெயர் சூட்டுவது நேர்மை ஆகாது.

ஆனால், இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலிமையும் உடையது. ‘சம்பளக்காரன் சுமக்கும் இடர் சிறிது, அதனையும் அவனே சுமக்கிறான். பாடகனாகப் புறப்படுகிறவனின் இடரையோ குடும்பமே சுமக்கிறது’ என்பர். ஆம். தந்தையின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து அறை வாடகை போகலாம். தங்கையின் படிப்பு சுருங்கலாம். அவன் தோற்றால் அத்தோல்வியின் விலையைத் தருபவர் வாய் திறவாத ஒருவராக இருக்கக்கூடும்.

ஆகவே, முதல் அறம் இதுவென நாம் கருதுகிறோம். தன் கலைக்காக எத்துணை வறுமையையும் ஒருவன் ஏற்கலாம். பிறர் வறுமையை அவர் இசைவின்றி ஏற்கும் உரிமை அவனுக்கு இல்லை. இல்லத்தில் உள்ளோர் அனைவரும் கூடி அமர்ந்து, எத்தனை ஆண்டு, எவ்வளவு பொருள், அதன்பின் என்ன என்று மனம்விட்டுப் பேசி முடிவு செய்தல் வேண்டும். சிற்றூரில் ஒரு பள்ளியிலோ அலுவலகத்திலோ பணி செய்துகொண்டே கலையை வளர்ப்பவனும் தாழ்ந்தவன் அல்லன். அவன் வேறொருவர் சுமையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு பாடுகிறான்.

எதற்காகப் போவது?

இன்னொரு வினாவும் உண்டு. இன்று கைப்பேசி வழியே கடல் கடந்தும் பாடம் நடக்கிறது. எந்த வித்துவானின் கச்சேரியையும் வீட்டிலிருந்தே கேட்கலாம். பிறகு பட்டணம் எதற்கு?

புகழுக்காகப் போகிறவனுக்கு ஏமாற்றமே மிகுதி. 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்கென இடம்பெற்ற சென்னையில், மார்கழி வந்தால் பாடுவோர்க்குக் குறைவில்லை. பிற்பகற் கச்சேரியில் முன்வரிசை நாற்காலிகளே காலியாகக் கிடப்பதும் உண்டு. ஆனால், கேட்பதற்காகப் போகிறவன் ஏமாறுவதில்லை. பக்கவாத்தியக்காரர் அருகிருந்து பழக்குவதும், குருவின் பின்னால் தம்புராவுடன் அமர்ந்து ஒரு பிடி எவ்விடத்தில் எவ்வாறு பிறக்கிறது என்று காண்பதும், தன்னினும் வல்லவரைக் கேட்டுத் தன் அளவை அறிவதும் இருந்த இடத்தில் கிடைப்பன அல்ல. இவற்றுக்காகப் போவது கல்வி. கைதட்டலுக்காகப் போவது சூதாட்டம்.

பட்டணமே முடிந்த முடிபு என்பதும் இல்லை. இந்துஸ்தானி இசைமேதை குமார கந்தர்வர் பம்பாயில் பயின்று இளமையிலேயே புகழ்பெற்றவர். காசநோயின் காரணமாக 1948இல் மத்திய இந்தியாவின் தேவாஸ் என்னும் சிற்றூர்க்குக் குடிபெயர நேர்ந்தது. பாடக் கூடாதென மருத்துவர் விதித்த ஆண்டுகளில், மாளவ நாட்டு மக்கள் பாடிய நாட்டுப்புறப் பாடல்களைச் செவிமடுத்தார். நலம் பெற்றுப் பாடியபோது அவர் இசையில் அம்மண் கலந்திருந்தது. அவருக்குப் பட்டணம் பயிற்சி தந்தது. சிற்றூர் புதுமை தந்தது. எங்கே கேட்க ஏதேனும் இருக்கிறதோ, அங்கே செல்வதுதான் கலைஞனின் வழி.

பெயரில் வாழும் ஊர்

நம் இசைவாணரிடம் ஓர் அழகிய வழக்கம் உண்டு. அரியக்குடி, செம்மங்குடி, முசிரி, லால்குடி, சீர்காழி, செம்பை என ஊர்ப்பெயரையே தம் பெயராகச் சுமந்தனர். 1936இல் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்த எம். எஸ். சுப்புலட்சுமி உலகெங்கும் அறியப்பட்டது இரண்டு எழுத்துகளால். ஒன்று மதுரை, மற்றொன்று வீணைக் கலைஞரான அன்னை சண்முகவடிவு. விட்டு வந்த ஊரும் விட்டு வந்த தாயும் அவர் மேடையேறிய இடமெல்லாம் பெயராக உடன் ஏறினர்.

பெயரைச் சுமந்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது என்று செய்து காட்டியோர் உளர். செம்பை வைத்தியநாத பாகவதர் தம் சிற்றூரில் ஏகாதசி இசைவிழாவை ஆண்டுதோறும் நடத்தி, பெரிய வித்துவான்களை அங்கே வரவழைத்தார். ஊர்க்காரர் பட்டணம் போய்க் கேட்க வேண்டியதை ஊருக்கே கொணர்ந்தார்.

பெங்களூர் நாகரத்தினம்மாளின் செயல் அதனினும் வியப்புக்குரியது. கன்னட நாட்டில் பிறந்த அவர் சென்னைக்கு வந்து பாடிப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு, திருவையாற்றில் பராமரிப்பின்றிக் கிடந்த தியாகராசர் சமாதியில் கோயில் எழுப்பி 1925இல் குடமுழுக்குச் செய்வித்தார். இறுதிக் காலத்தை அவ்வூரிலேயே கழித்து 1952இல் மறைந்தார். திருவையாறு அவர் பிறந்த ஊர் அன்று. அவர் இசை பிறந்த ஊர். நன்றிக்கடன் பிறப்பைப் பார்ப்பதில்லை; பெற்றதைப் பார்க்கிறது. பட்டணம் தந்த பொன், இசையைத் தந்த மண்ணுக்குத் திரும்பிய நிகழ்ச்சி அது.

முடிவாக

இவற்றால் நாம் தெளிவது யாது? கலைக்காக ஊர் துறத்தல் தன்னளவில் அறமும் அன்று, அறமின்மையும் அன்று. இடரை ஏற்போரின் இசைவு பெற்றுச் செல்லுதல், கேட்கவும் கற்கவும் செல்லுதல், பெற்றபின் வழிகாட்டுதல் என்னும் மூன்றும் கூடினால் அது அறமாகும். மூன்றனுள் மூன்றாவதே கடினமானது. முதலிரண்டும் புறப்படும் நாளில் முடிவாகின்றன. மூன்றாவதோ வாழ்நாள் முழுவதும் நிற்கும் கடன். சிற்றூரில் சரளி வரிசை சொல்லித்தந்த ஆசிரியரின் பெயரை மேடையில் சொல்லுவதும், அவரிடம் இன்று பயிலும் ஏழைச் சிறுவனுக்குப் பட்டணத்தில் ஓர் அறையும் ஒரு குருவும் காட்டுவதும் அக்கடனின் தவணைகள்.

வெளிமாநிலங்களில் நம்மவர் அமைத்த தமிழ்ச் சங்கங்களின் அடிப்படையும் இதுவே அன்றோ? மொழி தெரியாத நகரில் வந்திறங்கியவனுக்கு, முன்னமே வந்தவன் பேருந்தின் எண்ணைச் சொன்னான். உணவு விடுதியைக் காட்டினான். அறையில் பாய் விரிக்க இடம் தந்தான். எழுத்தரும் சுருக்கெழுத்தாளரும் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட இவ்வுதவியும் ஓர் ஆற்றுப்படையே. நமக்கு அவ்வாறு வழிகாட்டியோர் இருந்தனர். நம் இல்லத்துப் பிள்ளை தம்புராவை எடுத்துக்கொண்டு புறப்படும் நாளில், அவன் வருமானத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்டபின், வழியில் யார் சோறிடுவர், எவ்வூரில் எவர் வீட்டில் தங்கலாம் என்று சொல்லியனுப்பும் கடமையும் நமக்கு உண்டு.