ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்து ஒன்றில் நண்பர் ஒருவர் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி... சகலமும் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். 1999-ல் வாங்கிய அசெம்பிள்டு மெஷின். ‘450 மெகாஹெர்ட்ஸ் சார், பறக்கும்!’ என்று சொல்லி விற்றிருந்தார்கள். பறக்கத்தான் செய்தது. காலை பத்து மணி வரைக்கும்!

வெயில் ஏறியதும் ஆரம்பிக்கும் ரகளை. மாப்பிள்ளை பெயரை அடித்துவிட்டுப் பெண் பெயரை அடிப்பதற்குள் திரை அப்படியே உறைந்து நிற்கும். சில சமயம் நீலத்திரை. சில சமயம் தானாகவே அணைந்து, தானாகவே உயிர்பெறும். சாயங்காலம் ஆனால், ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடும்.

நீங்களாக இருந்தால் எதைச் சந்தேகப்படுவீர்கள்? அவரும் அதைத்தான் சந்தேகப்பட்டார். முதலில் வைரஸ். பிறகு விண்டோஸ் 98-ஐ அழித்து, புதிதாகப் போட்டார். மூன்று தடவை! பிறகு ராம் மாற்றினார். பிறகு கரண்ட். ‘எர்த் சரியில்லை’ என்று யாரோ சொல்ல, அதையும் பார்த்து, ஒரு யு.பி.எஸ்ஸும் வாங்கி வைத்தார். மானிட்டர் மேல் எலுமிச்சம்பழம்கூட வந்தது. இத்தனைக்கும் நடுவில் தினமும் திட்டு வாங்கியது, அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண். “நீ என்னத்தையோ அமுக்குறம்மா... நான் உட்கார்ந்தா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?” அவர் உட்கார்ந்தது ராத்திரி எட்டு மணிக்கு மேல்.

கடைசியில் வந்த மெக்கானிக் பையன் எதையும் அழிக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. கேபினட்டைத் திறந்து, சிப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். அதில் இருந்த எண் 450 அல்ல, 300. இன்டெல் 1998-ல் கொண்டுவந்த ‘செலரான் 300ஏ’ அது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தவன், மெஷினை உயிர்ப்பித்து, டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போனான். 100 என்று இருந்த ஓர் எண்ணை 66 ஆக்கினான். அவ்வளவுதான். கொளுத்துகிற மத்தியானத்திலும் மெஷின் நிற்காமல் ஓடியது.

அந்தக் கணக்கு ரொம்ப எளிது. மதர்போர்டு ஒரு தாளம் போடும். அதை சிப் தனக்குள் நாலரை மடங்காக்கிக்கொண்டு ஓடும். 66-ஐ நாலரையால் பெருக்கினால் ஏறக்குறைய 300. தாளத்தை 100 ஆக்கினால் 450. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டி வைத்திருந்தது. தாளத்தை மாற்றுவதை அதனால் தடுக்க முடியவில்லை. 300-க்கு வாங்கி, 450 என்று சொல்லி விற்றால் என்ன ஆகும் என்பதை பி.காம். படித்த எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், என்னை யோசிக்க வைத்தது விற்றவர் இல்லை. ஏமாற்றுகிறவர் எந்தத் தொழிலில்தான் இல்லை? யோசிக்க வைத்தவர் நண்பர்தான். மெஷின் சரியானதும் அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. “450-ன்னு காசு கொடுத்தேன் தம்பி... இப்ப 300 ஆக்கிட்டியே?” என்றார். “அண்ணே, இது எப்பவுமே 300-தாண்ணே” என்றான் பையன். “இருந்தாலும்... ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு!”

இந்த ‘ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு’ இருக்கிறதே... அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

சிப்பின் மேல் 300 என்று எழுதினால், 301-ல் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. கும்மியடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே எல்லோரும் குனிந்து நிமிர்ந்தாக வேண்டும். தாளத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் சமாளிப்பார்கள். இன்னும் கூட்டினால், யாரோ ஒருத்தி நிமிர்வதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடும். சிப்புக்குள்ளும் அதேதான். ஒரு கணக்கு முடிந்து விடை வந்து சேர்வதற்குள் அடுத்த தாளம் விழுந்தால், அரைகுறை விடையே விடையாகிவிடும். வெயில் ஏற ஏற உள்ளே ஓட்டம் மந்தமாகும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் சுறுசுறுப்பு வரும். கூடவே சூடும் தேய்மானமும் வரும்.

தயாரிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். அதனால் வெக்கையான அறை, குறைந்த வோல்டேஜ், வயசான சிப் என்று மோசமான நாளை மனதில் வைத்துத்தான் எண்ணை எழுதுகிறார்கள். நல்ல நாளில் 450 ஓடினாலும் ஓடும். மோசமான நாளிலும் 300 ஓடும் என்பதுதான் வாக்குறுதி. கணக்கியலிலும் இப்படி ஒரு விதி உண்டு. வராத லாபத்தை எழுதாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கி வை என்பார்கள். வாராக்கடனுக்கு ஒதுக்கி வைத்த பணத்தை எடுத்து தீபாவளி போனஸ் கொடுத்தால் தீபாவளி நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தன் சொந்த மெஷினை, தெரிந்தே முடுக்கிவிட்டு விளையாடுகிற இளைஞர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர். இதே 300ஏ அவர்களுடைய செல்லப்பிள்ளை. இதில் பெரும்பாலானவை 450-ல் நன்றாகவே ஓடின. அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. கருகினால் அவர்கள் காசு, அவர்கள் ராத்திரித் தூக்கம். தாங்குசக்தியை எடுத்துச் செலவு செய்கிறவர் ஒருவர், அது தீர்ந்த அன்று திட்டு வாங்குகிறவர் இன்னொருவர் என்றால்தான் எனக்கு இடிக்கிறது. அந்த டைப்பிஸ்ட் பெண்ணிடம் கடைசிவரை யாரும் ‘உன் மேல தப்பில்லம்மா’ என்று சொன்னதாகத் தெரியவில்லை.

பூட்டு வாங்கும்போது நாலு தடவை இழுத்துப் பார்த்து வாங்கலாம். அதுவும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு திண்டுக்கல்லுடையது. சிப்பை எப்படி இழுத்துப் பார்ப்பது?

இது ஏதோ சந்துக்கடை சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 2000-ம் வருஷம் மார்ச் 6-ம் தேதி, ஏ.எம்.டி. கம்பெனி ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் அறிவித்தது. ஓட்டப்பந்தயம் சூடுபிடிக்க, ஜூலை கடைசியில் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் பாப்ஸ்ட் என்ற விமர்சகர் அதைச் சோதித்தார். மற்ற சோதனைகளை விடுங்கள்... லினக்ஸின் மூலநிரலைத் தொகுக்கச் சொன்னபோது அந்த சிப் திணறித் தோற்றது. வேறு சிலரும் சோதித்து ‘ஆமாம்’ என்றார்கள். ஒரே மாதத்தில் இன்டெல் அதைத் திரும்பப் பெற்றது. அங்கே பயாஸில் எண்ணை மாற்றியது எந்தக் கடைக்காரரும் இல்லை, தொழிற்சாலையே!

மெஷின் உறைந்து நிற்பதைக்கூட நான் மன்னிப்பேன். அது ‘என்னால் முடியவில்லை’ என்று கையைத் தூக்குகிறது. உறையாமல், ஓசைப்படாமல் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால்? டேலியில் வந்த டோட்டலை யார் மறுபடி கையால் கூட்டிப் பார்க்கிறார்கள்? ‘ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு’ என்பதில் இருக்கிற ஆபத்து அதுதான்.

இப்போதைய சிப்புகள் தங்கள் வேகத்தைத் தாங்களே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. தொல்லை விட்டதா? இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளை வாங்கியவர்களைக் கேளுங்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வந்து கேம் நின்றுபோனது. பாவம், எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினார்கள். 2024 ஏப்ரலில் விரல் மதர்போர்டுகளின் பக்கம் திரும்பியது. வேகத்துக்காக வரம்பை மீறிய செட்டிங்கை வைத்து அனுப்புகிறார்கள் என்றார்கள். ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது... சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால், ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது.

வெறும் கம்ப்யூட்டர் என்றால் இவ்வளவு நீட்டி முழக்கியிருக்க மாட்டேன். திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். வறண்ட சமவெளியில் வரிசையாக நூற்பாலைகள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று ‘சுமங்கலித் திட்டம்’ பேசியதும் இந்த மாதிரி ஆலைகள்தான். நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை என்பதும் பேசப்பட்டதுதான்.

ரிங் ஃப்ரேமில் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்கு 15,000, 20,000 சுற்று சுற்றுகின்றன. ஆளுயர மெஷின் இல்லை அது, தெருநீள மெஷின். வேகத்தைக் கூட்டினால் நூல் கூடும். கூடவே இழை அறுவதும் கூடும். அறுந்த ஒவ்வோர் இழையையும் ஓடிப்போய்ச் சேர்க்க வேண்டியவள் அந்தப் பெண். ராத்திரி ஷிப்டாக இருந்தாலும் அவள்தான். வேகத்தை நிர்ணயிக்கிறவர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். இழை ஏன் இத்தனை அறுகிறது என்று கேட்டால், பஞ்சு சரியில்லை என்பார்கள். அல்லது, அந்தப் பெண் கவனமாக இல்லை என்பார்கள்.

வேகத்தைக் கூட்டியதில் எத்தனை கிலோ நூல் அதிகம் என்பது அன்றைய ஷிப்ட் ரிப்போர்ட்டிலேயே வந்துவிடும். அவள் எத்தனை நடை அதிகம் நடந்தாள் என்று எழுத அதில் இடம் கிடையாது. மார்ச் 31 வந்தால் தேய்மானம் என்று ஒரு தொகை எழுதுவோம். ரிங் ஃப்ரேமுக்கு எழுதுவோம். மோட்டாருக்கு எழுதுவோம். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக்கூட ஒரு சதவிகிதம் உண்டு.