மின்மிதிவண்டி வாங்கலாமா?

நம் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழும் வினாக்களுள் இதுவும் ஒன்று. சிறு மோட்டாரும், கழற்றி எடுக்கத்தக்க மின்கலமும் பொருத்திய எடை குறைந்த மிதிவண்டியை விலை கொடுத்து வாங்குவது தகுமா? போட்ட பணம் மீளுமா என்று ஆடவர் கேட்கின்றனர். முழங்காலுக்கு இதமாயிருக்குமா என்று என் வயதுப் பெண்டிர் கேட்கின்றனர். நம் விரதங்களுக்கு ஒக்குமா என்று கேட்போர் சிலரே. மூன்றும் ஒரே வினாவின் கூறுகள் என்பது என் எண்ணம்.

முதலில் பொருள் இன்னதென்று அறிவோம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் அதன் உதவி நின்றுவிடுவதாகவும் அமைந்த மிதிவண்டியை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. ஆதலின் ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டா. மிதிப்பவர் நாமே, மோட்டார் துணை மட்டுமே. கனத்த வகைகள் 25 கிலோ வரை இருக்க, இலகுவானவை 18 கிலோவுக்குள் அடங்குகின்றன. மின்கலம் தீர்ந்துபோயினும் இலகுவான வண்டியை மிதித்தே வீடு சேரலாம். படியேற்றித் திண்ணையில் நிறுத்தலாம். மின்ஸ்கூட்டரில் இவ்விரண்டும் இயலா.

இனிக் கணக்கு. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்தது, விடையைச் சொல்லுமுன் எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்று கரும்பலகையில் எழுதிவிடு என்பதாகும். நாள்தோறும் 10 கிலோமீட்டர் செல்பவரை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மொபெட்டுக்கு நாளொன்றுக்குப் பெட்ரோல் 200 மில்லி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 20 ரூபாய். ஆண்டில் 300 நாளுக்கு 6,000 ரூபாய். மின்மிதிவண்டிக்கு அதே தொலைவுக்கு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் போதும். அதைச் செலவென்றே எண்ண வேண்டியதில்லை. வண்டியின் விலை 36,000 ரூபாய் எனில் ஆறு ஆண்டுகளில் மீள வேண்டும். ஆனால் மின்கலம் ஏறக்குறைய 500 முறை நிரப்பிய பின் தளரத் தொடங்கும். ஒருமுறை நிரப்பினால் 25 கிலோமீட்டர் ஓடும் சிறு மின்கலத்திற்கு அது நான்கு ஆண்டு வாழ்வு. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் மொபெட்டை ஒதுக்கிவிட்டுச் சிக்கனத்தின் பெயரால் இதை வாங்குவோர் கணக்கில் தவறுகின்றனர். புதிதாக ஏதேனும் ஒரு வண்டி வாங்கியே தீர வேண்டிய நிலையில் இருப்போர்க்கு மட்டும் இது இலாபம். காற்றின் தூய்மையை எண்ணினால் விடை வேறு. நிலக்கரியில் பிறந்த மின்சாரமாயினும், இவ்வண்டியால் வெளிப்படும் கரியமில வாயு மொபெட்டினுடையதில் ஐந்தில் ஒரு பங்களவே ஆகும்.

விரதங்களுக்கு வருவோம். சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பொருளை அளவு செய்துகொண்ட இல்லறத்தார்க்கு நேரக்கூடிய ஐந்து மீறல்களுள் முதலாவதாக வைப்பது ‘அதிவாகனம்’. தேவைக்கு மேல் வாகனம் வைத்தல் என்று சிலர் பொருள் கொள்வர். எருது முதலியவை துன்பமின்றிச் செல்லும் தொலைவுக்கு அப்பால், ஆசையினால் அவற்றை ஓட்டுதல் என்பது பழைய உரை. இரண்டாம் பொருளே எனக்கு ஆழமுடையதாகத் தோன்றுகிறது. மின்மிதிவண்டியில் எருது இல்லையே, யாரை வருத்துகிறோம் என்று கேட்கத் தோன்றும். மழைக்காலச் சாலையில் ஊரும் மரவட்டையையும் தவளையையும் நினைப்போர் வேகத்தைக் குறைத்துக்கொள்வர். அது எந்த வண்டிக்கும் பொதுவே. எருது இருக்கும் இடம் வேறு.

மின்கலத்தை இலகுவாக்குவது பெரும்பாலும் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த லித்தியம் வகை. உலகின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் சிறுவர் உழைப்பதை அம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எடுத்துக்காட்டியது. நாற்பது ஆண்டு சிறுவர்க்குப் பாடம் சொன்ன எனக்கு இச்செய்தியை எளிதில் கடந்துபோக இயலவில்லை. செய்தலும் செய்வித்தலும் மட்டுமன்றி உடன்படுதலும் வினையே என்பது நம் நூல்களின் துணிபு. இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டது எண்ணிச் செய்யும் இம்சைதான் என்று அமைதி கூறுவாரும் உளர். உண்மையே. எனினும் மாற்று ஒன்று கடையிலேயே இருக்கும்போது அந்த அமைதி போதுமானதா?

மாற்று உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகையில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. தீப்பற்றும் அச்சம் குறைவு. நிரப்பும் முறைகளும் 500ஐ விடப் பல மடங்கு தாங்கும். குறை ஒன்றே, எடை கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால், இத்தகைய சிறு வண்டிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு புளிப் பொட்டலத்தின் எடை! ‘இலகு’ என்னும் விளம்பரச் சொல்லுக்காக அந்த ஒரு கிலோவை விடாப்பிடியாகக் குறைக்க வேண்டுமா என்பதே, விலையைக் காட்டிலும் நாம் ஆராய வேண்டியது என்பேன்.

யாருக்கு இது தேவை என்பதற்கு ஒரு சான்று. என் தம்பி மகள் வந்தவாசியில் வேலை செய்கிறாள். வீடு 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூரில். இரவுண்ணா நோன்பை மேற்கொண்டவள். கார்த்திகையில் 5.40 அளவில் கதிரவன் மறைந்துவிடுகிறது. வேலை முடிவது 5 மணிக்கு. பேருந்தை நம்பினால் 6 மணிக்கு மேலாகிறது. சாதாரண மிதிவண்டியில் முக்கால் மணி நேரம். மின்மிதிவண்டியில் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று நிதானமாகச் சென்றாலும் 5.27க்கு வீட்டில் இருப்பாள். கை கால் கழுவி இரண்டு வாய் உண்ண அந்தப் பதின்மூன்று நிமிடம் போதும். “அத்தை, நோன்புக்காக ஒரு பொருள் வாங்குவது மிகுபொருள் ஆகுமா?” என்று எழுதிக் கேட்டிருந்தாள். ஆகாது என்று விடை எழுதினேன். அதே வண்டியை, வாயிலில் ஏற்கெனவே இரண்டு வாகனம் நிற்க, மூன்று தெரு தள்ளியுள்ள ஜினாலயத்திற்குப் போகவென்று வாங்க எண்ணிய உறவினர் ஒருவருக்கு நான் வேறு விடை சொன்னேன். அவர்க்குக் கால் நலமாகவே இருக்கிறது. முழங்கால் தேய்ந்து, கூட்டிச்செல்ல ஆளின்றி, தரிசனத்தையே விட்டுவிட்ட முதியவர் எனில் மறுபேச்சின்றி வாங்கட்டும். இருக்கையின் உயரத்தை மட்டும், இரு காலும் தரையில் ஊன்றும்படி தாழ்த்திக்கொள்ளட்டும்.

வாங்குவோர் கடையில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மின்கலம் எவ்வகை? தளர்ந்த பின் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா? பழைய மின்கலங்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. ஆகவே இது சலுகை கேட்பதன்று. தம்பி மகள் கேட்ட முதற்கடையில் இரண்டுக்கும் விடையில்லை. இரண்டாம் கடையில் முதலாவதற்கு விடை கிடைத்தது. மற்றதற்கு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். கடிதம் வரும்வரை அவள் பழைய மிதிவண்டியிலேயே போய் வருகிறாள். மதியமே ஒரு சிறு பாத்திரத்தில் சோறு எடுத்துச் சென்று 5 மணிக்கு அங்கேயே உண்டு புறப்படுகிறாள்.