கணக்கை வீட்டிலும் காட்டுவோம்



இரவு கடையைச் சாத்திவிட்டுப் பேரேட்டை விரிக்கும் வேளையில், வியாபாரிகளாகிய நம்மில் பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. "இந்தத் தொழிலை நடத்த நமக்குத் தகுதி உண்டா?" என்பதே அது. கடை வாடகை ஏறிவிட்டது. வாடிக்கைக்காரர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் சரக்கைத் தருவித்துக்கொள்கிறார். கடன் சொல்லிச் சென்றவர் அந்தப் பக்கமே வருவதில்லை. வாப்பா காலத்தில் செழித்த கடை நம் கையில் தேய்கிறதே என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கிறது.

அந்த எண்ணத்தை நாம் என்ன செய்கிறோம்? கல்லாப்பெட்டியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். வியாபாரம் எப்படி என்று வீட்டார் கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் குறைவில்லை" என்கிறோம். இறைவனைப் புகழ்வது நன்றே; ஆனால் அப்புகழ்ச்சியை நம் கவலைக்குத் திரையாக்குவது நன்றன்று.

நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்திறங்கிய நம் சபுராளிகளில் பலர், ஊருக்கு எழுதிய கடிதங்களில் நலத்தை எழுதினார்கள்; நஷ்டத்தை எழுதவில்லை. அன்று நடுவே கடல் கிடந்தது. பதில் கடிதம் வருவதற்குள் பாதிக் கவலை தீர்ந்தும் போகும். இன்றோ நம்மில் பலருக்குக் குடும்பம் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது. இருந்தும் மறைக்கிறோம்.

மறைப்பதன் முடிவு யாது? வீட்டுக்குத் தெரியாமல் நகை அடகுக்குப் போகிறது. பிறகு வட்டி முதலைகளின் வாசலில் போய் நிற்கிறோம். நஷ்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டவர், ஹராமைத் தொட வெட்கப்படவில்லை என்ற நிலை வந்துவிடுகிறது. இதுவன்றோ நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது!

"மனம் தளர்வது ஈமானின் குறை அல்லவா? அதை எப்படி வெளியே சொல்வது?" என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர்கள் ஹிரா குகையின் வரலாற்றை நினைத்துப் பார்க்கட்டும். நபிமார்களின் நிலையோடு நம்முடைய நிலையை ஒப்பிட நமக்குத் துணிவில்லை; எனினும் பாடம் பெற நமக்கு அனுமதி உண்டு.

கி.பி. 610ஆம் ஆண்டில் முதல் வஹீ இறங்கியபோது, அந்தப் பெரும் பொறுப்பின் கனத்தால் நம் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமேனி நடுங்கியது. அவர்கள் நேரே சென்றது எங்கே? தம் இல்லத்துக்கு. போர்த்துமாறு கேட்டார்கள். நடுக்கம் தணிந்ததும், நடந்ததையும் தம் அச்சத்தையும் துணைவியார் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார்கள்.

அன்னையவர்கள் நம்மைப்போல் வியாபாரி என்பதை மறவாதீர்கள். அவர்களுடைய சரக்கை ஷாம் நாட்டுக்குக் கொண்டு சென்று நேர்மையாக விற்றுவந்ததன் வாயிலாகவே பெருமானாரின் நாணயத்தை அவர்கள் அறிந்தார்கள். உடன் சென்ற ஊழியர் மைஸராவும் அதற்குச் சாட்சி சொன்னார். ஆகவே, அன்றிரவு அன்னையவர்கள் வெறும் முகஸ்துதி பேசவில்லை. நல்ல வணிகர் பேரேட்டைப் படிப்பதுபோல் எடுத்துரைத்தார்கள். உறவினரை ஆதரிப்பது, பிறர் சுமையைத் தாங்குவது, இல்லாதவருக்கு ஈட்டித் தருவது, விருந்தினரை உபசரிப்பது, துன்பத்தில் இருப்பவருக்கு உதவுவது ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இப்படிப்பட்டவரை அல்லாஹ் ஒருக்காலும் கைவிடமாட்டான் என்று உறுதி கூறினார்கள். ஏறக்குறைய 15 ஆண்டு இல்லறத்தில் கண்ணால் கண்ட கணக்கு அது. அதோடு நில்லாமல், வேதம் கற்ற தம் உறவினர் வரகாவிடம் அழைத்தும் சென்றார்கள்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? கவலையை வீட்டில் சொல்வது இழிவன்று. கேட்கும் வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. "பக்கத்துக் கடைக்காரர் வீடு வாங்கிவிட்டார், நீங்களோ..." என்று குத்திக்காட்டுவது கதீஜா நாயகியாரின் வழியன்று. "ஒன்றும் ஆகாது" என்று தட்டிக்கழிப்பதும் அன்று. தம் கண்ணால் கண்ட நன்மையை எடுத்துச் சொல்வதும், விவரம் அறிந்தவரிடம் அழைத்துச் செல்வதுமே அவ்வழி.

ஆனால், சகோதரர்களே, இங்கே நமக்கு ஒரு கடுமையான கேள்வியும் இருக்கிறது. நம் மனைவி மக்கள் நமக்காகப் படித்துக் காட்ட, நம்முடைய கணக்கில் என்ன இருக்கிறது? நிறுவையில் குறைத்தவருக்கும், வேலையாளின் சம்பளத்தை இழுத்தடித்தவருக்கும் வீட்டார் எதைச் சொல்லித் தேற்றுவார்கள்? லாபம் குறைந்த ஆண்டிலும் நேர்மை குறையாதிருந்தால், அதுவே நம்மைத் தூக்கி நிறுத்தும் முதல்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றையும் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது, தம் நாவின் தடையை இறைவனிடமே முறையிட்டார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டார்கள். அல்லாஹ் அதைக் கொடுத்தான். அண்ணன் தம்பியிடம் "எனக்கு இது வரவில்லை, நீ கைகொடு" என்று சொல்வதில் குறைவென்ன இருக்கிறது? கணினி அறிந்த மகளும், வாடிக்கைக்காரரின் மனமறிந்த தாயாரும் நம் வீட்டிலேயே இருக்கிறார்களே!

குடும்பம் கடலுக்கு அப்பால் இருக்க, இங்கே தனித்து உழைக்கும் சகோதரர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாமே குடும்பம். மக்காவில் யாவற்றையும் விட்டு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதை ஏற்காமல், துஆச் செய்துவிட்டுக் கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிப் பெரும் வணிகரானார்கள். பாதிச் சொத்தைத் தர ஒரு சகோதரர் இருக்கிறார் என்பதே ஒருவரை நிமிர்ந்து நடக்கச் செய்யும். நம் சங்கமும் அப்படியொரு தோள் ஆக வேண்டும்.

ஆகவே, இன்றிரவு இஷாவுக்குப் பின் பேரேட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். நஷ்டத்தை நஷ்டமென்றே சொல்வோம். நம்மைத் தேற்றும் குரல் நம் வீட்டிலிருந்தே எழட்டும். அதற்குத் தகுதியாக நாளைக் காலை கடையைத் திறப்போம்.

அல்லாஹ் நம் தொழிலில் பரக்கத்தையும், உள்ளத்தில் உறுதியையும், இல்லங்களில் அன்பையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.