குரலுக்கும் உடல் உண்டு

திருக்கழுக்குன்றத்து மலையுச்சிக்கு நண்பகல் தோறும் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் அளிக்கும் உணவை உண்டு செல்வதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டு வந்தனர். பறவையியலார் மஞ்சள்முகப் பாறு என்று கூறும் இனத்தவை அவை. அவை வராத நாளில், கூடியிருப்போரிடையே பாவி எவரேனும் இருக்கக்கூடும் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். 1990களின் இறுதிக்குப் பின் அவை அங்கு வருவதே இல்லை. அந்தப் பழைய பேச்சில் நாம் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. பறவை வரவில்லை என்றதும் கூட்டத்தைப் பற்றி ஆராய்ந்தார்களே அன்றி, பறவைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்களில்லை. நாள் தவறாமல் வருவது எதுவாயினும், அது ஓர் உயிர் என்பதை மறந்து ஒரு வழக்கம் என்றே கருதிவிடுவது மனித இயல்பு போலும்!

இவ்வியல்பை மிகுதியும் தாங்க வேண்டியவர் விளையாட்டு வர்ணனையாளர். அவர் குரலாகவே நம்மிடம் வருகிறார். வானொலியில் கிரிக்கெட்டைத் தமிழில் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் அத்தகையது. 2020 டிசம்பரில் அவர் மறைந்தபோது, அக்குரலுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்திராத நேயர் எத்தனை பேரோ! குரல் மூப்படைவதை நாம் எளிதில் உணர்வதில்லை. அதைச் சுமக்கும் இதயமோ தவறாமல் மூப்படைகிறது.

அந்த இதயம் ஒரு நாள் எச்சரிக்கை விடுக்கிறது என்று கொள்வோம். மருத்துவமனைக்குச் சென்று மீண்ட பின், வர்ணனையாளர் மறுபடியும் ஒலிவாங்கியின் முன் அமர்வது வீரமா? கடமையா? அல்லது விட மனமில்லாத ஆசையா?

2022 டிசம்பர் 2ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தை வர்ணித்துக்கொண்டிருந்தார் அந்நாட்டின் முன்னாள் தலைவர் ரிக்கி பாண்டிங். அவருக்கு அப்போது வயது 47. பேசிக்கொண்டிருக்கையிலேயே நெஞ்சில் வலி கண்டது, தலை சுற்றியது. உடன் இருந்த ஜஸ்டின் லாங்கரிடம் அதைச் சொன்னார். விரைவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். மறுநாளே வர்ணனைக்குத் திரும்பினார்.

உலகம் வியந்தது அந்த மறுநாளை. நாம் வியக்க வேண்டியதோ முதல் நாளை. வலியை மறைக்காமல் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னாரே, அதுவே அச்செய்தியின் உயிர்நாடி. இதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால், கடந்து செல்லும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையில் ஒரு பகுதியை அழிக்கும் என்பது மருத்துவர் கூற்று. "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டு உயிரை இழந்தவர்கள் நம் ஊர்களில் குறைவா? சொல்லக் கூசுவதை நாம் ஆண்மை என்று கற்பித்து வைத்திருக்கிறோம்.

அக்கற்பிதத்தின் புகழ்பெற்ற காட்சி ஒன்று நம் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கத்தில் நடந்த இந்திய-ஆஸ்திரேலிய டெஸ்ட், வெற்றி தோல்வியின்றிச் சம ஓட்டங்களில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. அதில் 25 வயது டீன் ஜோன்ஸ், கடும் வெயிலில் வாந்தி எடுத்தபடியே எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். இடையில் வெளியேற விரும்பிய அவரை, உறுதி மிக்க வேறொருவரை அழைத்துக்கொள்வதாகச் சொல்லித் தலைவர் ஆலன் பார்டர் சீண்டி நிற்க வைத்தார். ஆடி முடித்ததும் ஜோன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நரம்பு வழியே உப்புநீர் ஏற்றப்பட்டார். அந்த ஆட்டத்தை இன்றளவும் வீரத்தின் இலக்கணமாகச் சொல்கிறோம்.

அதே ஜோன்ஸ் 2020 செப்டம்பர் 24 அன்று, ஐ.பி.எல். வர்ணனைக்காக மும்பைக்கு வந்திருந்த இடத்தில், மாரடைப்பால் காலமானார். வயது 59. முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு கற்பிப்பது தவறு. ஆனால் உடல் மறுக்கும்போதும் நில் என்பதே வீரம் என்று கைதட்டிய நாம், அந்தக் கைதட்டலைச் சற்றே மறுபரிசீலனை செய்யலாம் அல்லவா?

இதனால், நோயுற்றவர் வீட்டில் முடங்க வேண்டும் என்பதன்று நம் வாதம். இதய நோயிலிருந்து தேறியவர் படிப்படியாகப் பணிக்குத் திரும்புவதை மருத்துவரே ஊக்குவிக்கின்றனர். உழைப்பு வருவாய் மட்டுமன்று. நாற்பதாண்டு ஆட்டங்களை நினைவில் வைத்திருப்பவருக்கு அதைப் பேசுவதே வாழ்வு. அதைப் பறித்தால் மருந்து காத்த உயிரை மௌனம் வாட்டிவிடும்.

எனினும் வேறொரு பக்கமும் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்துக்கு அருகே, மாமல்லபுரத்தில் கல் தூசியைச் சுவாசித்தபடி உளி பிடிக்கும் சிற்பத் தொழிலாளரும், அக்கடற்கரையில் விடியுமுன் படகு தள்ளும் மீனவரும் உள்ளனர். அன்றாடக் கூலியை நம்பிய சிற்பிக்கோ, கடலை நம்பிய மீனவருக்கோ சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு ஏது? நெஞ்சுவலி கண்ட மறுநாள் அவர்கள் வேலைக்குச் சென்றால், அது வீரமன்று. அடுப்பு எரிய வேண்டிய கட்டாயம். புகழ்பெற்ற ஒருவர் மறுநாளே திரும்பியதை அளவின்றிப் போற்றும்போது, "அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று இவர்களிடம் கேட்கும் முதலாளிக்கு நாமே சொல் எடுத்துக் கொடுத்தவர்களாகிறோம். ஒருவரின் விருப்பத்தைப் புகழ்ந்த புகழ், மற்றொருவரின் முதுகில் சுமையாக இறங்குகிறது. இந்த விஷயத்தில் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது இதுவே.

உடல் நமக்கு உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தொழிலும் அப்படியே. ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பவர் இரண்டிலும் நேர்மை தவறியவராவார். ஆகவே, திரும்பி வருபவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பணி அழைப்பதால் வருகிறேனா, மறக்கப்படுவேன் என்ற அச்சத்தால் வருகிறேனா? நான் விழுந்தால் அந்த இழப்பைச் சுமப்பவர் யார்? ஒலிவாங்கியை அடுத்தவரிடம் கொடுக்க என் கை இசையுமா?

இந்த இறுதிக் கேள்விக்கு 1980இல் ஜான் ஆர்லட் அளித்த விடை நினைக்கத்தக்கது. இங்கிலாந்து வானொலியின் மாபெரும் வர்ணனையாளரான அவர், லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த நூற்றாண்டு நினைவு டெஸ்டில் தம் கடைசி வர்ணனையை முடித்தபோது, விடைபெறும் உரை எதுவும் ஆற்றவில்லை. அடுத்துப் பேசப் போகிறவர் யார் என்பதை வழக்கம்போல் அறிவித்துவிட்டு எழுந்தார். தாம் இல்லாமலும் ஆட்டம் தொடரும் என்பதை அறிந்தவருக்கே அது இயலும். அவ்வாறு எழத் தெரிந்தவர் நோய்க்குப் பின் மீண்டும் வந்து அமர்ந்தால், அது ஆசையாகாது.

கேட்பவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பழகிய குரல் ஒரு நாள் ஒலிக்கவில்லையெனில், "ஏன் வரவில்லை?" என்று குறைகூறுமுன் "நலமாக இருக்கிறாரா?" என்று கேட்போம். அவர் ஓய்வெடுத்தால் அதற்கும் மதிப்பளிப்போம். அந்த மதிப்பைப் பெயர் அறியாத தொழிலாளியின் ஓய்வுக்கும் அளிக்கக் கற்றுக்கொண்டால், நாம் குரலை மட்டுமன்றி மனிதனையும் கேட்கத் தொடங்கியவர்களாவோம்.