சீருடைக்குள் ஒரு பழைய மாணவன்

1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவுகள் இலங்கையிலிருந்து சென்னைக்குத் திரும்பியபோது, அவர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்றுவிட்டு வரும் படைக்கு வரவேற்பு எதற்கு என்பது அவர் தரப்பு. மேலிடம் போகச் சொன்ன இடத்துக்குப் போய், ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்களை அவமதிக்கலாமா என்பது எதிர்த்தரப்பு. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை, தீர்ப்பதும் எளிதல்ல. ஒரு போரைத் தான் ஏற்கவில்லை என்று காட்ட, ஓர் அரசியல் தலைவருக்குப் போகாமல் இருப்பதும் ஒரு வழிதான்.

அதை ஒட்டிய வேறொரு கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. அன்று வந்து இறங்கியவர்களில் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்பு கடலூரிலோ சிதம்பரத்திலோ கல்லூரியில் படித்தவன் என்று வைத்துக்கொள்வோம். முதலமைச்சருக்கு இருந்த அந்த உரிமை அவனுடைய கல்லூரிக்கும் உண்டா? அந்தப் போர் தவறு என்று நினைக்கும் பேராசிரியர், போர்முனையிலிருந்து அவன் எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்துவிடலாமா?

சிதம்பரத்தில் வைத்து இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்பு மண்ணில் பிறந்த விபுலானந்த அடிகள். 1940-களில் அங்கே வந்து தமிழ் முதுகலை படித்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். ஈழத்துக்கும் அண்ணாமலைநகருக்கும் இப்படிப்பட்ட உறவு. 1987-ல் கடல் கடந்த இந்தியப் படையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களும் இருந்தன. அந்த அக்டோபர் 11 நள்ளிரவில் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கிய இடமே ஒரு பல்கலைக்கழகம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் விடிந்து சில மணி நேரத்துக்குள் இறந்துபோனார்கள். அதே மாதம் யாழ் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் மாண்டார்கள். ஒரே வகுப்பில் படித்த இருவர் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்றிருக்கக்கூடிய போர் அது. இருவருடைய பெயரும் கல்லூரியின் பழைய வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்த வரியில்கூட இருந்திருக்கலாம்.

சீருடை என்றதும் எழுந்து நின்று வணங்கும் வளாகமும் அல்ல அண்ணாமலைநகர். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டதில் அங்கே படித்த ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருக்குச் சிலை இருக்கிறது. சீனப் போருக்குப் பிறகு, 1963-லிருந்து கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமாக இருந்த காலம் அது. காலையில் மைதானத்தில் 'சாவ்தான்', 'விஸ்ராம்' என்ற கட்டளைக்குக் கால் மாற்றியவர்கள்தான் மாலையில் இந்தி ஒழிக என்று கோஷம் போட்டார்கள். 1968 ஜனவரியில் அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தில் அந்த இந்திக் கட்டளைச் சொற்களுக்கும் தடை இருந்தது. அரசின் துப்பாக்கிக்குப் பலியானவனும் அரசின் துப்பாக்கியைத் தூக்கப் போனவனும் ஒரே தலைமுறை மாணவர்கள். முதலாமவனை நினைவில் வைத்திருப்பது இரண்டாமவனைக் கைகழுவுவதற்குக் காரணமாகிவிடுமா?

ஆகாது என்பதே இங்கே சொல்ல வருவது. கல்லூரி அவனைத் தேர்ந்தெடுத்தபோது அவன் எந்தப் போரில் எந்தப் பக்கம் நிற்பான் என்று கேட்டுவிட்டுச் சேர்க்கவில்லை. மதிப்பெண் பார்த்து, கட்டணம் வாங்கி, வகுப்பில் உட்காரவைத்தது. அந்த உறவுக்கு அரசின் வெளியுறவுக் கொள்கையோடு சம்பந்தம் கிடையாது. அதனாலேயே அரசு மாறினாலும், கொள்கை மாறினாலும் அது அறுந்துபோக வேண்டியதில்லை.

இதைக் கல்லில் வெட்டிக் காட்டிய கல்லூரி ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜில் முதல் உலகப் போரில் இறந்த மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அங்கேயே தனியாக இன்னொரு கல்வெட்டும் இருக்கிறது. அங்கே படித்துவிட்டுத் தாய்நாடு திரும்பி, ஜெர்மனிக்காகப் போரிட்டு இறந்த மூன்று மாணவர்களுக்கானது அது. 1930-ல் வைத்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இங்கிலாந்துக் குடும்பங்கள் ஏராளமாக இருந்த காலத்தில் அதைச் செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். அதற்கும் முழு மதிப்பெண் போட்டுவிட முடியாது. இறந்தவன் திருப்பிப் பேசமாட்டான், அவனுக்குக் கல் நாட்டுவது சுலபம். உயிரோடு பங்கரில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவனிடம் என்ன பேசுவது என்பதுதான் கஷ்டம்.

எதிர்த் திசையில் ஜப்பான். 1943-ல் கலைப்பிரிவு மாணவர்களுக்கு இருந்த ராணுவ விலக்கு ரத்தாயிற்று. அந்த அக்டோபர் 21-ல் டோக்கியோவின் மெய்ஜி மைதானத்தில் கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கான மாணவர்கள், கல்லூரிக் கொடிகள் முன்னே செல்ல, தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்தார்கள். அங்கே கல்லூரிக்கும் சிப்பாய்க்கும் இடையே தொடர்பு இல்லாமல் இல்லை. தேவைக்கு மேலேயே இருந்தது. மாண்ட மாணவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் 1949-ல் புத்தகமாக வந்தபோதுதான் அவர்களுக்குள் எவ்வளவு சந்தேகம் ஓடியது என்று வெளியே தெரிந்தது. அந்தச் சந்தேகத்தைக் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கொடி பிடித்து வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, தொடர்பு இருந்தால் போதாது, அது எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நம் ஊரில் இது பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். லீவில் வரும் மேஜரைக் குடியரசு தினத்துக்கு அழைத்துச் சால்வை போர்த்துவார்கள், ஃபோட்டோ எடுப்பார்கள், அது அடுத்த ஆண்டுச் சேர்க்கை விளம்பரத்தில் வரும். அவர் பார்த்ததை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் வீரக்கதைதான் எதிர்பார்ப்பு. ஹவில்தாராக இருப்பவருக்கு அந்த அழைப்பும் கிடையாது. இதைவிட மேலானது, பெயரும் நம்பரும் ரேங்கும் யூனிட்டும் எழுதி, கீழே 'மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.' என்று முடிகிற ஓர் உறை. ராணுவத் தபாலில் ஊர்ப்பெயர் இராது. வாங்குகிறவன் சியாச்சினிலா ஜம்முவிலா என்பது அனுப்புகிறவருக்குத் தெரியாது. வகுப்பில் யார் யாருக்கு வேலை கிடைத்தது, எந்த வாத்தியார் ரிடையர் ஆனார், எந்த மரம் புயலில் விழுந்தது என்று நாலு பக்கம். எழுதுகிறவர் போரை எதிர்ப்பவராகவே இருக்கட்டும். அதையும் எழுதலாம், தணிக்கை அதிகாரி கண்ணில் பட்டு அவனுக்குச் சங்கடம் வராத அளவுக்கு.

சரி, அவன் கைகள் கறைபட்டிருந்தால்? மருத்துவமனையில் சுட்டவர்களில் அவனும் ஒருவன் என்று தெரியவந்தால் என்ன செய்வது? அப்போதும் கடிதம் போடுவது கொலைக்குத் துணைபோவதாகாதா? இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. செத்தவர் வீட்டில் நின்று பார்த்தால் அந்தக் கடிதம் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் மேலதிகாரியிடமிருந்து அவனுக்கு வருவது உத்தரவு, மனைவியிடமிருந்து வருவது கவலை. 'அன்றைக்கு என்னப்பா நடந்தது?' என்று உத்தரவும் இல்லாமல் பயமும் இல்லாமல் கேட்கக்கூடியவர், ஒரு காலத்தில் அவனுடைய கட்டுரையில் சிவப்பு மையால் தப்பு வட்டமிட்டவர்தான். தொடர்பை அறுத்துவிட்டவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. பதிலைக் கேட்ட பிறகு விருது மேடையில் ஏற்ற மறுக்கலாம், சாட்சி சொல்லச் சொல்லலாம். பட்டம் வாங்கிய பெயரைப் பதிவேட்டிலிருந்து மட்டும் அடிக்கக் கூடாது. அவனும் நம்மிடம் படித்தவன் என்பது கல்லூரிக்கும் வசதியில்லாத உண்மையாகவே இருக்கட்டும்.

இவ்வளவும் பழைய போர்களின் கணக்கு என்று விட்டுவிடவும் முடியாது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரைக்கு அருகிலேயே 1964-ல் தொடங்கிய பெரியார் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே விடியற்காலையில் மணலில் ஓடிப் பழகும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளலாம். 2022-ல் வந்த அக்னிபாத் திட்டப்படி பதினேழரை வயதிலிருந்து ராணுவத்தில் சேரலாம். நான்கு ஆண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். தேர்வானால் படிப்பைப் பாதியில் விட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போவான். அவனைப் போன்றவர்களுக்கென்று இக்னோவில் தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது, பயிற்சிக்கே பாதி கிரெடிட் உண்டு. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவனுடைய பழைய வகுப்புக்கு அது ஈடாகாது. 22, 23 வயதில் எல்லையிலிருந்து திரும்பி அதே கல்லூரி அலுவலக ஜன்னலில் அவன் நிற்பான், அரியர் இரண்டு பேப்பரோடு. சேர்ந்த நாளிலிருந்து இத்தனை ஆண்டுக்குள் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்ற விதியை அப்போது கிளார்க் எடுத்துக் காட்டுவார். சீருடையில் கழிந்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது என்று ஒரு வரியைச் சேர்க்கப் பல்கலைக்கழகச் சிண்டிகேட்டின் ஒரு கூட்டம் போதும். எந்தப் போரைப் பற்றியும் உறுப்பினர்களின் கருத்து என்னவாக இருந்தாலும் அதை நிறைவேற்றலாம்.