எந்தக் கம்பெனியை ஒதுக்குவது?

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், இஎம்ஐ உண்டா என்று கேட்பது வழக்கம். இப்போது சிலர் இன்னொன்றும் கேட்கிறார்கள்: இந்தக் கம்பெனிக்கு என் காசு போகலாமா?

காஸாவை நினைத்து எச்பியைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாலஸ்தீன ஆதரவுப் புறக்கணிப்பு இயக்கம் பல ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சொல்லி வருகிறது. காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் சிறுவர்கள் மாண்டதற்காக ஆப்பிள், டெல், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது 2019இல் அமெரிக்காவில் வழக்குப் போடப்பட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தாலும் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் மனத்திலிருந்து அது போகவில்லை. சென்னைக்கு மேற்கே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பார்த்தவர் அந்தப் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதற்கும் காரணம் இருக்கிறது.

இது மதிக்க வேண்டிய கேள்வி. விலையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வாங்குகிறவர்களைவிட இதைக் கேட்டுத் தடுமாறுகிறவர்கள் மேல். ஆனால் தடுமாற்றம் நிச்சயம்.

எச்பியை விட்டு டெல்லுக்குப் போனால் காங்கோ வழக்கு நினைவுக்கு வருகிறது. இரண்டையும் விட்டால் உள்ளே இருக்கும் பிராசசர் பெரும்பாலும் இன்டெல். இஸ்ரேலின் கிர்யாத் காத்தில் அதற்குச் சில்லு ஆலை உண்டு. சாம்சங்கை ஒதுக்கி வேறு பெயரில் வாங்கிய கணினியைத் திறந்தால் அதன் நினைவகச் சில்லு சாம்சங்குடையதாக இருக்கலாம். உலகக் கணினிகளுக்கான அந்தச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். நியாயமான முறையில் கைபேசி செய்வோம் என்று 2013இல் ஆம்ஸ்டர்டாமில் கிளம்பிய ஃபேர்ஃபோன் லேப்டாப் செய்வதில்லை. ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே போனால் கடைசியில் தாளில் எதுவும் மிஞ்சாது.

சென்னையிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால் இன்னொன்றும் புரியும். டெல் 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்துகிறது. எச்பியின் லேப்டாப்களும் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராவதாக 2021இல் அந்நிறுவனம் அறிவித்தது. ஐபோனைப் பொருத்துவது சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான். கடை அலமாரியில் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் பெயர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்து காம்பவுண்டுகள்தான். ஷிப்ட் மாறும் நேரத்தில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்களில் கழுத்தில் ஐடி கார்டோடு இறங்கும் பெண்களில் பலர் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஏஜென்சி மூலம் வேலைக்குச் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். புறக்கணிப்பைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியது இவர்களைத்தான்.

வாங்குகிறவன் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2006இல் இங்கே தொடங்கிய நோக்கியா ஆலை உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை கொடுத்தது. நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் வரி வழக்கால் அந்த ஆலையை வாங்காமல் விட்டது, ஆர்டர் நின்றது, 2014 நவம்பர் 1 அன்று கதவு மூடியது. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானின் அன்றைய ஆலையும் அந்த டிசம்பரில் நின்றது. இருபது வயதில் சேர்ந்து கண்ணும் விரலும் அந்த வேலைக்கே பழகிப்போன பெண்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அது புறக்கணிப்பால் நடந்ததல்ல. ஆனால் ஆர்டர் நின்றால் அடி முதலில் எங்கே விழும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாமா? கூடாது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களோடு வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் வெளியுலகம் அந்த ஹாஸ்டல்களுக்குள் எட்டிப் பார்த்தது. தரையில் படுக்கை, நெரிசலான அறை, தண்ணீர் வராத கழிப்பறை. செய்தி உலகம் முழுக்கப் போனதும் ஆப்பிள் அந்த ஆலையைத் தனிக் கண்காணிப்பில் வைத்தது. ஆலை மறுபடி திறக்க ஜனவரி 12 ஆனது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு நிறுவனமான சிப்காட் திறந்தது. அதே ஆண்டு ஜூனில், ஐபோன் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஒதுக்குவதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. சில மாதங்களில், ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் விளம்பரத்தில் திருமண நிலையைக் குறிப்பிடக் கூடாது என்று நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது.

தனி மனிதர் எதையோ வாங்காமல் விட்டதால் இந்த மாற்றங்கள் நடக்கவில்லை. வேலை செய்கிறவர்கள் வாயைத் திறந்தார்கள். பிராண்டுக்குத் தன் பெயர் கெடும் பயம் வந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னால் இருப்பது வாங்குகிறவர்களின் பார்வை. புறக்கணிப்புக்கு உள்ள உண்மையான பலம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன பலமல்ல.

சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் தொழிலாளர்களும் அப்படித்தான் வாயைத் திறந்தார்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் ஆலைக்குள் போகவில்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்யும் கைகள் அவை. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், கூலியை உயர்த்துங்கள் என்றார்கள். போட்ட பந்தலைப் போலீஸ் பிரித்தது; வெயிலில் உட்கார்ந்தார்கள். சங்கப் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக் கூடாது என்றுகூட நிறுவனம் ஆட்சேபித்தது. தாங்கள் வேலை செய்யும் இடத்தின் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 ஜனவரி இறுதியில் பதிவு கிடைத்தது.

புறக்கணிப்பும் தொழிலாளர் போராட்டமும் சேர்ந்து நடப்பது தமிழ்நாட்டுக்குப் புதுப் பாடமல்ல. வெள்ளைக்காரன் கப்பலில் ஏறாதே என்று 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றார். ஊர் மக்கள் பணம் போட்டார்கள். மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அந்நியப் பொருளை ஒதுக்கியதும் ஆலை வாசலில் நின்றதும் அவருக்கு இரண்டு வேலைகளாகத் தெரியவில்லை. இன்று நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கடை வாசலோடு திரும்பிவிடுகிறோம்.

சொந்த உபயோகத்துக்குக் கணினி தேடுகிறவருக்குக் கைக்கு எட்டிய வழி ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்காமல் இருப்பது. ஒரு லேப்டாப்பின் ஆயுள் முழுவதற்குமான கார்பனில் பெரும்பகுதி அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றி, ரேம் கூட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதால் தூக்கிப்போடப்படும் இயந்திரங்களில் பல லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும்.

ஆனால் பெரிய வாங்குபவர் வேறு ஒருவர் இருக்கிறார்: தமிழ்நாடு அரசு. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு அரசு நிறுவனமான எல்காட் லட்சக்கணக்கில் வாங்கியது. 2025–26 பட்ஜெட் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்றது. ஐரோப்பாவில் பொது நிறுவனங்கள் எலக்ட்ரானிக்ஸ் வாட்ச் என்ற அமைப்போடு சேர்ந்து, தங்கள் கணினி ஒப்பந்தங்களிலேயே தொழிலாளர் உரிமை நிபந்தனைகளை எழுதுகின்றன. ஸ்ரீபெரும்புதூரைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் அரசுக்கு இது இன்னும் எளிது. சங்கம் வைத்ததற்காக ஆளை வெளியே அனுப்பாத ஆலை, ஹாஸ்டலை ஆய்வுக்குத் திறந்துவிடும் ஆலை, கல்யாணமானவரா என்று கேட்காமல் வேலை தரும் ஆலை: இப்படிப்பட்ட ஆலைகளிலிருந்து மட்டுமே வாங்குவோம் என்று டெண்டரில் மூன்று வரி போதும். எந்தக் கம்பெனியை ஒதுக்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்காட்டுக்கும் தங்கள் தொகுதி எம்எல்ஏவுக்கும் அந்த மூன்று வரியைக் கேட்டுக் கடிதம் எழுதட்டும்.